நோயாளியின் கட்டிலும் மாணவரின் கைப்பேசியும்

1898இல் பெங்களூருக்குள் பிளேக் புகுந்தபோது, தடுப்புப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. நெரிசலான பேட்டைகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்து காற்றோட்டமாகக் குடியமர்த்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தது அந்தக் காலத்தில்தான். அன்று மருத்துவத்துக்குத் துணை நின்ற தொலைபேசி, ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, இதே ஊரில் மருத்துவ மாணவரின் சட்டைப்பைக்குள் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறது. நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வினாத்தாள் அடிக்கடி வலம் வருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சமூக ஊடகத்தில் செலவிடுகிறீர்கள், கடைசித் தேர்வில் எத்தனை சதவீதம் வாங்கினீர்கள் என்று கேட்டு, இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு முடிவு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது: படிப்பு தன் இடத்தில் அசையாமல் இருந்தது, கைப்பேசி எங்கிருந்தோ வந்து அதைக் கெடுத்தது என்பது அந்த முடிவு. பெங்களூரின் மருத்துவக் கல்வி வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. மாணவரை நோயாளியின் கட்டிலருகிலிருந்து முதலில் நகர்த்தியது தேர்வு. அந்த நகர்வு பாதிக்குமேல் முடிந்துவிட்ட பிறகுதான் கைப்பேசி வந்து, காலியாகக் கிடந்த இடத்தில் அமர்ந்தது.

விக்டோரியா மருத்துவமனையிலிருந்து தொடங்குவது பொருத்தம். மைசூரின் மகாராணி ரீஜண்ட் கெம்பநஞ்சம்மண்ணி 1897 ஜூன் 22 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார். 1900 டிசம்பர் 8 அன்று வைஸ்ராய் கர்சன் திறந்துவைத்தார். அடிக்கல் நாட்டிய அதே 1897இல்தான் லண்டனில் ஹட்சிசனின் ‘கிளினிக்கல் மெத்தட்ஸ்’ முதல் பதிப்பாக வெளிவந்தது. நோயாளியிடம் என்ன கேட்பது, எப்படிப் பார்ப்பது, எங்கே தொடுவது, எங்கே தட்டுவது, ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது என்று வரிசை பிசகாமல் கற்றுத்தரும் அந்த நூல் இன்றும் மாணவர் மேசையில் இருக்கிறது. 1924இல் மைசூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது மைசூரில் அல்ல, பெங்களூரில்; 1930இல்தான் அது மைசூருக்குப் போனது. 1955இல் ஒரு தனியார் கல்விச் சங்கத்தின் முயற்சியால் பெங்களூரு மருத்துவக் கல்லூரி பிறந்தது. மறு ஆண்டே அரசு அதை ஏற்றுக்கொண்டது. கோட்டைக்குப் பக்கத்தில், கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டின் இரைச்சலுக்குச் சற்றுத் தள்ளி, விக்டோரியாவையும் 1935இல் எழுந்த வாணி விலாஸையும் ஒட்டி அந்தக் கல்லூரி அமைந்தது தற்செயல் இல்லை. நோயாளி எங்கே குவிகிறாரோ அங்கேதான் மருத்துவம் கற்க முடியும் என்பது அன்று விவாதத்துக்கே இடமில்லாத உண்மை. முதலில் கட்டில், அதைச் சுற்றி வகுப்பறை என்பதுதான் வரிசை.

அந்த ஏற்பாட்டில் படிப்பின் இதயமாக இருந்தது ‘கேஸ்’. மாணவர் வார்டுக்குப் போய், ஒரு நோயாளியின் வரலாற்றைத் தானே கேட்டு எழுதி, உடலைப் பரிசோதித்து, என்ன நோயாக இருக்கலாம் என்று தன் வாயால் சொல்லி, பேராசிரியரின் குறுக்குக் கேள்விகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும். இறுதித் தேர்விலும் லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா என்று இதே சடங்குதான் தொடர்ந்தது. விக்டோரியாவின் வார்டுகளில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. கோலாரிலிருந்தும் அனந்தபூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் ஒரே வராந்தாவில் கேட்கும். வெளிமாநிலத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை முதல் மாதத்திலேயே ‘எல்லி நோவு’ (எங்கே வலி) என்று கேட்கப் பழகியாக வேண்டும். வலியைக் குறிக்க நாம் வழங்கும் ‘நோவு’தான் கன்னடத்திலும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நோயாளி சொல்வதும் சொல்லாமல் விடுவதும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த புதிய பாடத்திட்டம் 2019 முதல் முதலாண்டு அடிப்படை வகுப்பில் உள்ளூர் மொழியைச் சேர்த்திருக்கிறது. வார்டு தானாகக் கற்றுக்கொடுத்ததை வகுப்பறையில் கற்பிக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

அன்றைய மாணவருக்குக் கவனச்சிதறல் இல்லாமல் இல்லை. மெஜஸ்டிக்கின் திரையரங்குகள் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கல்லூரி பிறந்த அதே 1955இல் பெங்களூரு வானொலியும் பிறந்தது. ஆனால் சினிமாவுக்குப் போக மாணவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. போனது அவருக்கும் தெரியும், அறைத்தோழருக்கும் தெரியும். கைப்பேசிக்கு அந்த வாசற்படி இல்லை. பாடமும் பொழுதுபோக்கும் ஒரே கண்ணாடியில் அடுத்தடுத்து வருகின்றன. இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, எல்லாத் தலைமுறையும் ஏதோ ஒன்றைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தது என்று சமாதானம் சொல்வது சரியாகாது. அதே சமயம், பாடம் அந்தக் கண்ணாடிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

அதற்கான விடை, விந்தையாக, நீதிமன்றங்களிலிருந்து தொடங்குகிறது. எழுபதுகளின் இறுதியிலிருந்து பெங்களூரில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெருகின, எம்.எஸ். ராமையா 1979, கெம்பேகவுடா 1980. கூடவே தலைவரிக் கட்டணம் எனப்பட்ட நன்கொடை வசூலும் கர்நாடகத்தின் பெயரைக் கெடுத்தது. 1984இல் மாநில அரசு அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. தும்கூர் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மீரட் மாணவி தொடுத்த மோகினி ஜெயின் வழக்கில், 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த வசூலை அரசியலமைப்புக்கே எதிரானது என்றது. அடுத்த ஆண்டு உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு சேர்க்கைக்கு ஒரு திட்டத்தை வகுத்தது. அதையொட்டி 1994இல் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பட்டமேற்படிப்பிலும் இதே கதை. பிரதீப் ஜெயின் வழக்கின் 1984 தீர்ப்பு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு வழிதிறந்தது. அதற்கென நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு பின்தொடர்ந்தது. 2012இன் இறுதியில் முதுநிலை நீட் கணினித் தேர்வாக முதன்முறை நடந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அன்றிலிருந்து ஒவ்வோர் இளம் மருத்துவரின் எதிர்காலமும் சில மணி நேரத்தில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் அடங்கிவிட்டது. ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதை எழுதுகிறார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஓர் எதிர்வாதம் உடனே எழும், எழத்தான் வேண்டும். கட்டிலருகு வைவாவில் நடந்த அநீதிகளை மறந்துவிட்டு அதைப் பொற்காலமாக்கலாமா? தேர்வாளருக்கு மாணவரின் தகப்பனார் யாரென்று தெரியும், சாதி தெரியும், எந்த ஊர் என்று தெரியும். ஒரே மாணவரை இரண்டு தேர்வாளர்கள் இரண்டு விதமாக மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியமே 1950களில் கட்டுரை வினாக்களைக் கைவிட்டுப் பலவிடை வினாக்களுக்கு மாறியது; நம்பத்தக்க அளவுகோலாக இல்லை என்று கட்டிலருகு வாய்மொழித் தேர்வை 1960களில் நிறுத்தியது. பணமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் தெரியாத கணினித் தேர்வு ஒரு காப்பு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். தலைவரிக் கட்டணக் காலத்துக்குத் திரும்ப யாரும் விரும்பக் கூடாது. நீதிக்காகக் கட்டிய அந்தத் தேர்வு, கூடவே இன்னொன்றையும் செய்துவிட்டது என்பதே என் வாதம். பல்கலைக்கழகத் தேர்வு இன்றும் லாங் கேஸ் கேட்கிறது. ஆனால் எந்தத் துறையில் மேற்படிப்பு, எந்த ஊரில் வேலை என்று வாழ்க்கையைத் தீர்மானிப்பது மற்றத் தேர்வு. அதில் ஈரல் வீங்கியிருப்பதை விரலால் உணரத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பெண் கிடையாது. மாணவர் இரட்டைக் குதிரையில் சவாரி செய்கிறார். எந்தக் குதிரை ஓடுகிறதோ அதன்மேல் பாரத்தைச் சாய்க்கிறார். ஹவுஸ் சர்ஜன் ஆண்டு என்பது கற்றதைக் கையால் செய்து பழகுவதற்காக ஏற்பட்டது. அந்த ஆண்டிலேயே நுழைவுத் தேர்வுக்கும் உருப்போட வேண்டியிருப்பதால், வார்டு நேரமும் கேள்விவங்கி நேரமும் அன்றாடம் மோதிக்கொள்கின்றன.

இந்த நெருக்கடிக்குள்தான் இணையம் வந்தது. அதற்கும் பெங்களூரில் ஒரு முகவரி உண்டு. 1996இல் பிரிகேட் சாலையில் திறந்த முதல் காஃபி டே கடை, காபியோடு இணையத்தையும் மணிக்கணக்கில் விற்ற கடை. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் வழங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்ததும் அதே 1996இல். ஆர்குட், பிறகு பேஸ்புக், பிறகு வாட்ஸ்அப். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்ததும், ஹாஸ்டல் அறையின் கட்டிலே நூலகமாயிற்று. ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்று வாங்கிய சீனியரின் நோட்ஸ் டெலிகிராம் குழுவில் இலவசமாக வந்து விழுந்தது. கம்பைண்ட் ஸ்டடி வாட்ஸ்அப் குழுவாயிற்று. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிச் செயலிகளில் பெரும்பங்கு இதே ஊரின் தொழில். மேரோ செயலியை நடத்தும் நிறுவனம் பெங்களூரைச் சேர்ந்தது; 2020இல் பிரெப்லேடரை வாங்கிய அன்அகாடமியும் பெங்களூரைச் சேர்ந்தது. அதே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விக்டோரியா கோவிட் மருத்துவமனையாயிற்று, கல்லூரிகள் மூடின, இனி பாடம் கைப்பேசியில்தான் என்று அரசும் கல்லூரியுமே சொல்லின. அதுவரை மாணவர் ஒளித்து வைத்துப் பார்த்த சாதனத்தை ஆசிரியரே கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு ‘நீ ஏன் எந்நேரமும் கைப்பேசியில் இருக்கிறாய்’ என்று அந்த மாணவரைக் கேட்கிற தகுதி பெரியவர்களுக்குக் குறைந்துவிட்டது.

இனி அந்த இரண்டு எண்களின் கதைக்கு வருவோம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் வைக்கப்பட்டு, 2010இல் கிர்ஷ்னரும் கார்பின்ஸ்கியும் கட்டுரையாக வெளியிட்ட ஆய்வு உலகச் செய்தியாயிற்று. 219 மாணவர்கள், பேஸ்புக் பயன்படுத்துவோரின் சராசரி மதிப்பெண் 4க்கு 3.06, பயன்படுத்தாதோருக்கு 3.82. இடைவெளி பெரிது, செய்தித்தாள்களுக்கு அது போதும். அதே 2009இலேயே பாசெக் என்பவரும் சக ஆய்வாளர்களும் வேறு மூன்று தரவுத் தொகுப்புகளை எடுத்துப் பார்த்து, அப்படி உறுதியான உறவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். அதை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை. 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மார்க்கர், நாம்ப்ஸ், அப்பெல் மூவரும் 59 மாதிரிகளை, 29 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்தார்கள். பொதுவான சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பெண் மைனஸ் 0.07. மதிப்பெண்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இது விளக்காது. படித்துக்கொண்டே ஊடகத்தையும் பார்ப்பவர்களுக்கு அது மைனஸ் 0.10. பாடத்துக்காக ஊடகத்தைப் பயன்படுத்துவோருக்கோ அது நேர்மறையாகி 0.08 என்று நின்றது. எல்லாவற்றையும்விட முக்கியம்: ஊடகத்தில் செலவிட்ட நேரம் படிப்பு நேரத்தைத் தின்றுவிடுகிறது என்ற வழக்கமான விளக்கத்துக்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்தச் சிறிய எண்களை மருத்துவ மாணவருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் ‘மூன்று மணி நேரம்’ என்று எழுதும்போது அதில் ஒரு மணி டெலிகிராமில் மருந்தியல் வினாக்கள், அரை மணி யூடியூபில் இதய ஒலிகள், அரை மணி வகுப்புக் குழுவில் நாளைய போஸ்டிங் எங்கே என்ற விசாரணை, மீதி ரீல்ஸ் என்று இருக்கலாம். வினாத்தாள் அனைத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. அவர் வாங்கிய சதவீதமும் பெரும்பாலும் அதே கைப்பேசியில் படித்து வாங்கியது. அளக்க வேண்டிய பொருளும் அளவுகோலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, இரண்டுக்கும் இடையே பெரிய உறவு தெரியாமல் போவதில் வியப்பில்லை. காரணம் எது, விளைவு எது என்பதும் தெளிவாக இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். தேர்வில் தவறி, வீட்டைவிட்டு வெகுதூரத்தில், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளை கைப்பேசியை எடுக்கிறது. கைப்பேசியால் அது தவறியதா, தவறியதால் கைப்பேசியை எடுத்ததா? ஒரே ஒரு நாளில் நிரப்பி வாங்கும் வினாத்தாளால் இதைச் சொல்லவே முடியாது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இலேயே, தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்த உதவும் ‘ஷட்’ சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. இந்தியாவிலேயே இத்தகைய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அங்கே வந்து நிற்கிற பெற்றோரின் கவலை கற்பனை இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது; சமூக ஊடகத்துக்கு அப்படித் தனி நோய்ப் பெயர் இல்லை. நிறையப் பயன்படுத்துவது வேறு, நோய் வேறு என்பதை மருத்துவக் கல்லூரியாவது பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கத்தைத் திருடுவதும், படிக்கும்போதே இடையிடையே எட்டிப் பார்க்க வைப்பதும் உண்மையான கேடுகள். புள்ளிவிவரமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2024 பிப்ரவரியில் கதக்கில் மருத்துவமனை வளாகத்தில் ரீல்ஸ் எடுத்த 38 மாணவர்களின் பயிற்சிக் காலம் 10 நாள் நீட்டிக்கப்பட்டது. நோயாளி படுத்திருக்கும் இடம் படப்பிடிப்புத் தளம் ஆகக் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தச் செய்தியில் என்னை உறுத்துவது வேறு. தண்டனையாகக் கிடைத்தது வார்டில் இன்னும் பத்து நாள். 1955இல் எது படிப்பாக இருந்ததோ அது இன்று தண்டனையின் வடிவத்தில் தரப்படுகிறது.

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் மாணவர் வார்டுக்குத் திரும்பிவிடுவார் என்று நம்புவோரிடம் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். கைப்பேசியைப் பிடுங்கினால் அவர் அச்சிட்ட கேள்விவங்கியை எடுப்பார்; அதுவும் வார்டு இல்லை. ராய்ச்சூரிலோ சாம்ராஜ்நகரிலோ படிக்கும் மாணவர், நாட்டின் சிறந்த ஆசிரியர் ஒருவர் நடத்தும் நரம்பியல் பாடத்தைத் தன் கட்டிலில் அமர்ந்து கேட்கிறார். அந்த வாய்ப்பு அவருடைய முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. அதைக் குறைக்கவும் கூடாது. மாற்ற வேண்டியது தேர்வின் எடையை. கணினித் தேர்வின் நேர்மை அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில், மாணவர் தன் கையால் பரிசோதித்து எழுதிய கேஸ்களின் பதிவேட்டுக்கும் சிறிதளவாவது மதிப்புக் கொடுக்க முடியும். ஒரே தேர்வாளரின் விருப்புவெறுப்பு நுழையாதபடி, பல மேசைகளில் பல தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பிடும் முறை உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நியாயமாகச் செய்ய வழியில்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கென்றே குறுகிய கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. சமூக ஊடகத்தையும் மதிப்பெண்ணையும் ஆராயப் போகும் மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வினாத்தாளில் மணிக்கணக்குக்கும் சதவீதத்துக்கும் நடுவே ஒரு கேள்விக்கு இடம் கொடுங்கள்: சென்ற வாரம் எத்தனை நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் வரலாற்றை நீங்களே கேட்டு எழுதினீர்கள்?